ஸ்பானிய எழுத்தும் அத்தையின் ஸ்பாட் கன்னும்

சட்டைக் கழுத்தில் வைத்துத் தைக்கிற லேபிளுக்கான வெள்ளை சாட்டின் நாடா, ஒரு சாண் நீளம். என் கம்ப்யூட்டர் திரையின் கீழ் விளிம்பில் அதை டேப் போட்டு ஒட்டி வைத்திருந்தேன். அதன்மேல் நீலப் பேனாவால் எழுதியிருந்தவை எல்லாம் எண்கள். 0225, 0233, 0237, 0241, 0243, 0250. ஒவ்வோர் எண்ணின் பக்கத்திலும் ஓர் எழுத்து, அதன் தலையில் ஒரு சாய்ந்த கோடோ வளைந்த கோடோ இருக்கும். சாட்டினில் பேனா மை கசியும் என்பதால் மூன்றும் ஐந்தும் ஒரே மாதிரி தெரியும். எனக்கு மட்டும் எது எது என்று புரியும். யாராவது என் நாற்காலியில் உட்கார்ந்து ஸ்பானிய மொழியில் ஒரு வார்த்தை அடித்துவிட முடியாது என்பதில் எனக்கு அந்த வயதில் பெரிய சந்தோஷம் இருந்தது.

பதினைந்து வருடத்துக்கு முந்தைய கதை. நல்லூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் ஆர்ட்வொர்க் செக்‌ஷனில் வேலை பார்த்தேன். செக்‌ஷன் என்று பெயர்தான். ஒரு கண்ணாடித் தடுப்பு, ஒரு கம்ப்யூட்டர், ஒரு நான். சட்டையின் நெஞ்சில் வருகிற படம், அதன் கீழே வருகிற வாசகம், துவைக்கும் முறை சொல்கிற லேபிள், பெட்டியின் மேல் ஒட்டுகிற ஸ்டிக்கர், எல்லாவற்றையும் நான்தான் அடித்துத் தர வேண்டும். ரொம்ப நாளாக வந்த ஆர்டர்கள் எல்லாம் இங்கிலீஷ் பேசுகிற நாடுகளுக்கானவை. நான் சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால்தான் ஸ்பெயினிலிருந்து குழந்தைகள் சட்டைக்கு ஆர்டர் வர ஆரம்பித்திருந்தது. கூடவே இந்தத் தலைக்கோட்டு எழுத்துகளும் வந்தன.

முதலில் பையர், அதாவது சட்டை வாங்குகிற ஸ்பெயின்காரர், அனுப்பிய மெயிலிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டிப் பார்த்தேன். டிசைன் போடுகிற சாஃப்ட்வேரில் ஃபான்ட் மாற்றியதும் கோடு போட்ட எழுத்தெல்லாம் சதுரப் பெட்டிகளாகி உட்கார்ந்துகொண்டன. மாதம் ஒரு முறை கம்ப்யூட்டர் பார்க்க வருகிறவரிடம் கேட்டேன். கீபோர்டு செட்டிங்கை மாற்றினால் மற்றதெல்லாம் குழம்பிவிடும், தொடாதீர்கள் என்று கும்பிட்டுவிட்டுப் போனார். பிறகு நானே தேடித் தேடிக் கண்டுபிடித்ததுதான் இந்த வழி. இடது கட்டை விரலால் ஆல்ட் கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது பக்கம் தனியாக இருக்கிற எண் கட்டைகளில் 0241 என்று அடித்து, விரலை எடுக்க வேண்டும். எடுத்த நொடியில் ñ வந்து நிற்கும். மேல் வரிசையில் இருக்கிற எண்களில் அடித்தால் வராது. நம்லாக் விளக்கு எரியாவிட்டாலும் வராது. மேனேஜரின் லேப்டாப்பில் அந்த எண் கட்டைகளே கிடையாது. அவர் ஒரு முறை முயன்று பார்த்து, திரையில் என்னென்னமோ திறந்துகொண்டு, கடைசியில் என்னைக் கூப்பிட்டார். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டிலும் அதே நினைப்பு. சட்டினிக்குத் தேங்காய் துருவிக்கொண்டே "சைபர் ரெண்டு நாலு ஒண்ணு, சைபர் ரெண்டு மூணு மூணு" என்று முணுமுணுத்திருக்கிறேன். என் அத்தை, அதாவது என் வீட்டுக்காரரின் அம்மா, ஒரு வாரம் அதைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு ஒரு நாள் என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, "அது யாரு போன் நெம்பரு, விசாரிச்சயா?" என்று கேட்டார். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அத்தையைப் பற்றித்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அத்தை அதே கம்பெனியில் செக்கிங் ஹாலில் தலைமை டேபிள் பார்த்தார். இருபத்திரண்டு வருட சர்வீஸ். தைத்து வருகிற சட்டைகளைப் பெட்டியில் போடுவதற்கு முன் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, தொங்கும் நூலை வெட்டி, கறை இருந்தால் எடுத்து, குறை இருந்தால் ஒதுக்கி வைக்கிற வேலை. அவர் ஒரு சட்டையை எடுத்தால் முதலில் கழுத்து, பிறகு தோள், பிறகு கை, பக்கத் தையல், அடி மடிப்பு, அதற்கப்புறம் உள்பக்கம் என்று ஒரே வரிசையில்தான் கை போகும். கண் அதற்கு முன்னாலேயே போய்விட்டிருக்கும். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரரின் சட்டையில் நூல் தொங்கினால் அவருக்குச் சோறு இறங்காது. பேச்சுவாக்கில் கையை நீட்டி அதைப் பிய்த்து எடுத்துவிட்டுத்தான் ரசத்துக்குப் போவார். பிய்க்கப்பட்டவர்கள் திரும்பிப் பார்த்து முறைத்ததை நான் இரண்டு மூன்று தடவை பார்த்திருக்கிறேன்.

அவர் கையில் ஸ்பாட் கன் இருந்தால் இன்னும் விசேஷம். கறை எடுக்கிற மருந்தைப் பீய்ச்சுகிற சின்னத் துப்பாக்கி அது. அச்சடிக்கும்போது வேண்டாத இடத்தில் சிதறுகிற சாயப் பொட்டுகளை அத்தை அதைக் கொண்டு எடுத்தால், பொட்டு இருந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலும் தெரியாது. மற்றவர்கள் எடுத்தால் ஒரு வளையம் மிச்சம் இருக்கும். அத்தை டேபிளிலிருந்து போன சட்டை திரும்பி வந்ததாக அந்தக் கம்பெனியில் பேச்சே கிடையாது.

அந்தப் பேச்சு வராமல் இருப்பதுதான் அவருக்கு உயிர். நான் வேலைக்குப் போகிறேன் என்றதும் அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இத்தனை கம்பெனிகள் இருக்கிற ஊரில் எனக்கு அவருடைய கம்பெனியிலேயே வேலை கிடைத்தது அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. கிளம்புகிற முதல் நாள் காலையில் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்.

"கண்ணு, ஒரு வருசம் போய்ப் பாரு. ஆனா கம்பெனில நீ யாரோ, நான் யாரோ. உன்னால ஒரு சொல்லு வந்துச்சுன்னா அன்னைக்கே ஊட்டோட நின்னுக்கோணும். இருவத்திரண்டு வருசமா ஒருத்தரு என்னைய ஒண்ணு சொன்னதில்ல."

"சரிங்கத்தை" என்றேன். வேறு என்ன சொல்வது. எனக்கு அந்த வேலை வேண்டும். டிப்ளமோ முடித்துவிட்டு இரண்டு வருடம் சும்மா இருந்த பிறகு, என் பெயர் போட்ட அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடக்கிற சுகம் எனக்குத்தான் தெரியும். அதனால் அவர் போட்ட சட்டத்தை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தேன். ஒரே வீட்டில் ஒரே குக்கரில் வடித்த சோற்றை இரண்டு டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு, அவர் கம்பெனி பஸ்ஸில் போவார். நான் பத்து நிமிடம் கழித்து ஸ்கூட்டரில் போவேன். ஆர்ட்வொர்க் தடுப்புக்கும் செக்கிங் ஹாலுக்கும் நடுவே நாற்பது அடி இருக்கும். எட்டு மாதத்தில் அந்த நாற்பது அடியை நான் தாண்டியதே இல்லை. தண்ணீர்க் கேன் பக்கத்தில் எதிர்ப்பட்டால் அத்தை என்னைத் தாண்டிச் சுவரைப் பார்ப்பார். நானும் வேறொரு சுவரைப் பார்ப்பேன். மாமியார் மருமகள் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது ஸ்பெயின்காரர்களின் பழைய டிசைன் ஒன்று இரண்டாவது முறையாக ஆர்டர் ஆனது. மஞ்சள் சட்டை, நெஞ்சில் பந்து விளையாடுகிற கரடிக்குட்டி, அதன் காலடியில் கருநீலத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி. Mañana también jugaré. நாளைக்கும் விளையாடுவேன் என்று அர்த்தம். போன தடவை எனக்கு முன்னால் இருந்தவர் அந்தக் கோடுகள் எதையும் போடாமல் வெறும் எழுத்தாக அடித்து அனுப்பிவிட்டாராம். இந்தத் தடவை எழுத்துகள் சரியாக இருக்க வேண்டும் என்று பையர் சிவப்பில் எழுதியிருந்தார். நான் ஆல்ட் கட்டையை அழுத்தி ஒரு ñ, இரண்டு é அடித்தேன். மாதிரிச் சட்டை அச்சாகிப் போய், கையெழுத்தும் முத்திரையும் பட்டு இரண்டு திரும்பி வந்தன. ஒன்று பிரிண்டிங் யூனிட்டுக்கு. மற்றது செக்கிங் டேபிளுக்கு. செக்கிங்கில் அந்தச் சட்டையைத் தொங்கவிட்டு, அதோடு ஒப்பிட்டுத்தான் மற்றதைப் பார்ப்பார்கள்.

பிரிண்டிங்குக்கு உரியதை அன்றே கொடுத்து அனுப்பினேன். செக்கிங்குக்கு உரியதை என் கம்ப்யூட்டருக்குப் பின்னால் இருந்த பலகையில் குண்டூசி குத்தி மாட்டிக்கொண்டேன். ஒரு நாள் பார்த்துவிட்டு அனுப்பலாம் என்றுதான் நினைத்தேன். நான் அடித்த எழுத்து, மூன்று கோடும் தெளிவாக, அதன் பக்கத்தில் ஸ்பெயின்காரரின் கையெழுத்து. வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் காட்டினேன். அப்புறம் மறந்தே போனேன். மறந்தேன் என்று சொல்வது பாதி உண்மை. அதைக் கொண்டுபோய்க் கொடுப்பதென்றால் அத்தையின் டேபிளுக்கு நடந்து போக வேண்டும், அவர் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். அந்தக் கூச்சமும் சேர்ந்துதான் நாளைத் தள்ளிக்கொண்டே போனது.

ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல், பையரின் ஆபீஸிலிருந்து சரக்கைப் பரிசோதிக்க ஆள் வந்தார். திங்கட்கிழமை தூத்துக்குடிக்கு லாரி. பெட்டிகளைப் பிரித்து அங்கங்கே சட்டைகளை எடுத்துப் பார்த்தவர் மேனேஜரைக் கூப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் மேனேஜர் கையில் இரண்டு மஞ்சள் சட்டைகளோடு என் தடுப்புக்குள் வந்தார். பலகைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு சட்டையை என் மேஜைமேல் விரித்தார். கரடிக்குட்டி இருந்தது. வரியும் இருந்தது. கோடுகள் மூன்றும் இல்லை.

"பாதிக்கு மேல இப்பிடித்தானுங்க இருக்குது. என்ன அடிச்சீங்க?"

ஃபைலைத் திறந்து காட்டினேன். கோடுகள் இருந்தன. அவர் நம்பவில்லை.

"இப்ப ஓடிப்போய்த் திருத்துனீங்களா?"

"இல்லீங்க சார். சத்தியமா மொதல்லயே அடிச்சதுங்க."

"அப்ப இது என்னதுங்க? செக்கிங் டேபிள்ல தொங்கற சாம்பிள் இது. இதுலயும் பொட்டு இல்லியே."

இரண்டாவது சட்டையை அப்போதுதான் பார்த்தேன். ஓரம் பழுப்பேறிய பழைய சாம்பிள், போன வருடத்து முத்திரை. எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. புதிய சாம்பிள் போகாததால் டேபிளில் பழையதே தொங்கியிருக்கிறது. அதைப் பார்த்துத்தான் செக்கிங் செய்திருக்கிறார்கள். நான் சரியாக அடித்ததற்குச் சாட்சி மேனேஜரின் முதுகுக்குப் பின்னால் குண்டூசியில் தொங்குகிறது. அதைக் காட்டினால் அடித்தது சரி என்று ஆகிவிடும். அனுப்பாமல் வைத்துக்கொண்டது தப்பு என்றும் ஆகிவிடும். இரண்டில் எந்தப் பக்கம் போனாலும் வேலை போய்விடும் என்று தோன்றியது. பழைய சாம்பிளை மடிப்பதும் விரிப்பதுமாக நின்றேன். கம்ப்யூட்டர் புள்ளையை மேனேஜர் பிடித்துக்கொண்டார், சட்டையில் என்னமோ பொட்டு இல்லையாம் என்று செய்தி அதற்குள் ஹால் முழுக்கப் பரவிவிட்டது.

அத்தை வந்தார். அந்தத் தடுப்புக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. செருப்பை வெளியே கழற்றிவிட்டு, கழுத்தில் கயிற்றில் தொங்குகிற கத்திரியோடு உள்ளே வந்து நின்றார். மேஜைமேல் இருந்த சட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்தார். அந்தக் கண்ணுக்கு ஒரு சட்டையைப் பார்க்க எவ்வளவு நேரம் வேண்டும். புதிய முத்திரை, மூன்று கோடு, நான் குத்திய குண்டூசி, எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். நாலு எட்டு எடுத்து வைத்து, மேனேஜருக்கும் பலகைக்கும் நடுவே போய், அந்தச் சட்டை முழுதாக மறைகிற மாதிரி நின்றுகொண்டார். மேனேஜர் அவர் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பொட்டெல்லாம் நாந்தானுங்க எடுத்தேன்."

"நீங்களா?"

"ஆமாங்க. எல்லாச் சட்டைலயும் ஒரே எடத்துல வந்துச்சுங்க. ஒரு எடத்துல கோணலா, நூல் ஒட்டி அச்சான மாதர. இன்னும் ரெண்டு எடத்துல சின்னச் சின்னதா. அச்சடிக்கற ஸ்க்ரீன்ல நூல் ஒட்டிக்கிட்டு, ரெண்டு ஓட்டையும் உளுந்து போச்சாட்ட இருக்குதுன்னு நெனச்சுப்போட்டேன். சாம்பிள்லயும் அது இல்லீங்க. நாலு நாளா ஒக்காந்து நானே ஸ்பாட் கன்னுல எடுத்தேனுங்க, மிச்சம் இன்னும் டேபிள்லதான் கெடக்குதுங்க. புது சாம்பிள் வந்துச்சான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கோணும். கேக்காம உட்டது எம்பட தப்பு. அந்தப் புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க."

மேனேஜர் சட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கோடு இருந்த இடத்தில் ஒரு தடயமும் இல்லை. அத்தை எடுத்த பொட்டு ஆயிற்றே. அவ்வளவு சுத்தமாக எடுத்ததால்தான் நான் அடிக்கவே இல்லை என்று மேனேஜர் நம்பியிருக்கிறார். அந்தக் கலவரத்திலும் எனக்குள் எங்கோ ஒரு சிரிப்பு முட்டியது என்பதை மறைக்க விரும்பவில்லை.

"இந்தப் புள்ளைக்கு நீங்க எதுக்குங்க பேசறீங்க?" என்றார் மேனேஜர்.

கழுத்தில் தொங்கிய கத்திரியை அத்தை நேராக்கிக்கொண்டார். "இவ எம்பட மருமகளுங்க" என்றார்.

கண்ணாடிக்கு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேனேஜர் நெற்றியைத் தேய்த்தார். பிறகு அவர் சொன்னதுதான் என்னைக் குத்தியது. இருபத்திரண்டு வருட சர்வீஸ்காரரே இப்படிச் செய்தால் எப்படி, இந்த ஆர்டர் முடிகிற வரைக்கும் தலைமை டேபிளில் வேறு யாராவது இருக்கட்டும் என்றார். அத்தை "சரிங்க" என்று தலையாட்டினார். அந்த "சரிங்க"வை என்னால் தாங்க முடியவில்லை. எனக்குத் தைரியம் வந்தது என்று சொல்ல மாட்டேன். வெட்கம்தான் வந்தது. நான் போய் அத்தையின் தோளை லேசாகத் தொட்டு நகர்த்தினேன். பலகையில் இருந்த சட்டை வெளியே தெரிந்தது.

"சார், புது சாம்பிள் இங்கதான் இருக்குதுங்க. நான் அனுப்பவே இல்லீங்க. அழகா இருக்குதுன்னு மாட்டி வெச்சுக்கிட்டேன். அத்தை மேல தப்பில்லீங்க."

அத்தை என் கையைக் கிள்ளினார். வலிக்கிற மாதிரியே கிள்ளினார். மேனேஜர் பலகையைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் ஒரே ஊட்டுலதான இருக்கறீங்க?"

"ஆமாங்க" என்றோம் இரண்டு பேரும்.

"ஒரு சட்டைய இங்கிருந்து அங்க கொண்டு போறதுக்கு வழியில்லாமப் போச்சாக்கு?"

அவர் கோபத்தில்தான் கேட்டார், ஆனால் கேட்டு முடிக்கும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கண்ணாடிக்கு வெளியே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். யார் எந்த டேபிள் என்பதெல்லாம் அப்புறம், திங்கட்கிழமைக்குள் அந்தப் பொட்டுகள் சட்டைமேல் இருக்க வேண்டும், எப்படி என்று நீங்களே சொல்லுங்கள் என்று உட்கார்ந்துவிட்டார்.

வழி சொன்னது நான். அந்த வரியை மறுபடியும் அடித்து, எழுத்துகளை வெறும் உருவங்களாக மாற்றி, கோடுகளை விட்டுவிட்டு எழுத்துகளை மட்டும் ஒவ்வொன்றாக அழித்தேன். திரையில் காலியான பக்கத்தில் மூன்று சின்னக் கோடுகள் மட்டும் அந்தந்த இடத்தில் நின்றன. கீழே எழுத்தே இல்லாமல் அவற்றைப் பார்க்கவே வேடிக்கையாக இருந்தது. சனிக்கிழமை பிரிண்டிங் யூனிட்டில் அந்த மூன்றுக்கு மட்டும் ஒரு சின்ன ஸ்க்ரீன் செய்து கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் செக்கிங் ஹாலிலேயே மேஜை போட்டோம். சட்டையை வைப்பது நூலிழை தப்பினாலும் கோடு அடுத்த எழுத்தின் தலையில் ஏறிவிடும். அப்படி வைக்கக்கூடிய கை அங்கே ஒன்றுதான் இருந்தது. எடுத்த கையே வைக்கட்டும் என்று மேனேஜர் சொன்னார். அத்தை ஒவ்வொரு சட்டையாக விரித்து வைக்க, பிரிண்டிங்கிலிருந்து வந்த அண்ணன் சாயம் இழுக்க, நான் சூடான காற்று அடித்து உலர்த்தினேன்.

பத்து சட்டை போனதும் ñ-யின் தலையில் இருந்த வளைந்த கோட்டைக் காட்டி அத்தை கேட்டார். "கண்ணு, இந்த மீசை எதுக்கு?"

அந்த ஊரில் அது தனி எழுத்து, அவர்களுடைய கீபோர்டில் அதற்குத் தனிக் கட்டையே உண்டு, நமக்குத்தான் இல்லாததால் நான் நம்பர் அடித்து வரவழைக்கிறேன் என்றேன். நாடாவில் எழுதிவைத்த எண்களையும் சொன்னேன். சைபர் இரண்டு நான்கு ஒன்று என்றதும் அத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"அது இதுதானா?"

"இதுதானுங்கத்தை."

அவர் சட்டையை நீவினார். "நம்ம எழுத்துக்கும் தலைல புள்ளி இருக்குதல்லோ. அதை ஒருத்தன் அழுக்குன்னு தொடச்சுப்போட்டா நாம சும்மா உடுவமா?" என்றார். பிறகு, "நெறைய அழிச்சுப்போட்டன் போ" என்று தனக்கே சொல்லிக்கொண்டார். மதியச் சாப்பாட்டை இரண்டு பேரும் ஒரே மேஜையில் வைத்துச் சாப்பிட்டோம். எட்டு மாதத்தில் கம்பெனியில் சேர்ந்து சாப்பிட்டது அன்றைக்குத்தான். நான்கு மணிக்கெல்லாம் கடைசிச் சட்டையும் முடிந்தது. பரிசோதிக்கிறவர் திரும்ப வந்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, எது முதலில் அடித்தது, எது பிறகு வைத்தது என்று தெரியவில்லை என்று கையெழுத்துப் போட்டார். மேனேஜர் அத்தையிடம், நாளைக்கு உங்க டேபிள்லயே ஒக்காருங்க என்று சொல்லிவிட்டுப் போனார். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இன்றைக்கு இந்த எழுத்துகளுக்கு இவ்வளவு பாடு கிடையாது. ஒரு கட்டையைத் தட்டினால் கீபோர்டே ஸ்பானியமாக மாறிவிடுகிறது. போனில் n-ஐ அழுத்திப் பிடித்தால் மீசையோடு எழும்பி வருகிறது. என் செக்‌ஷனில் இப்போது நான்கு பேர் இருக்கிறார்கள், நாற்பது அடியும் கண்ணாடித் தடுப்பும் எப்போதோ போய்விட்டன. புதிய சாம்பிள் வந்தால் அடித்தவரே கையில் எடுத்துக்கொண்டு போய் செக்கிங் டேபிளில் மாட்டிவிட்டு வர வேண்டும் என்று ஒரு சட்டம் இருக்கிறது. அதற்கு மாமியார் சாம்பிள் என்று பெயர். ஏன் அந்தப் பெயர் என்று இப்போது வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. அத்தை வேலையிலிருந்து நின்று சில வருடம் ஆகிறது. கண்ணாடி போட்டுக்கொண்டிருக்கிறார், ஆனாலும் வீட்டுக்கு வருகிற ஒருவரும் நூல் தொங்குகிற சட்டையோடு திரும்பிப் போக முடியாது.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை நான்கரை மணிக்கு இதில் எதுவும் எனக்குத் தெரியாது. அன்றைக்குக் கம்பெனி பஸ் கிடையாது. கேட்டுக்கு வெளியே நான் ஸ்கூட்டரைக் கிளப்பியதும் அத்தை வந்து, வாட்ச்மேன் பார்க்க, பிரிண்டிங் அண்ணன் பார்க்க, பின்னால் ஏறி உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமையிலிருந்து மூன்று நாளாக அவர் அந்தப் பழைய நிபந்தனையைப் பற்றிப் பேசவில்லை. நானும் பேசவில்லை. ஆனால் சொல் வந்துவிட்டது, என்னால்தான் வந்தது, அதுவும் ஊரறிய வந்தது. அவர் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று நினைத்தேன். கழுத்தில் கிடந்த அடையாள அட்டை காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. நல்லூர்த் தெருவுக்குள் திரும்பி, பின்னல் மெஷின் ஓடுகிற வீடுகளைத் தாண்டும்போது வண்டியை மெதுவாக்கினேன்.

"அத்தை, சொல்லு வந்துருச்சுங்க. நாளையிலிருந்து நான் ஊட்டோட நின்னுக்கட்டுங்களா?"

கண்ணாடியில் பார்த்தேன். அவர் என் சுடிதாரின் கழுத்துத் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.

"சொல்லு உனக்கு மட்டுமா வந்துச்சு? எனக்குந்தான் வந்துச்சு" என்றார் அத்தை. "அப்ப நானும் நின்னுக்கோணுமல்லோ?"

நான் திரும்பிப் பார்த்தேன். சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

"ரெண்டு பேரும் நாளெல்லாம் ஊட்டுல ஒக்காந்து மொகத்தை மொகம் பாத்துட்டு இருக்கறதுக்குக் கம்பெனியே தேவலை. வண்டிய எடு கண்ணு. நாளைக்கு நான் பஸ்ஸுல போகல, எட்டு மணிக்கு ஒண்ணாவே போயிக்கலாம்."